வெடவெடக்கிற காலுக்கு அப்பாரு வைத்தியம்

வா அம்மணி, வா. வாசப்படியிலயே நின்னுட்டு என்ன ரோசனை? கவுத்துக்கட்டலு காலியாத்தான் கெடக்குது, உக்காரு. மொகம் என்ன, வெளக்கெண்ணெய் குடிச்ச புள்ளையாட்டம் இருக்குது?

எனக்குத் தெரியும். உன்ற அப்பத்தா காலையிலயே சொல்லிப்போட்டா. அக்டோபர் 2-ந் தேதி கிராம சபையில நம்ம தெருக் கொழாயைப் பத்தி நீதான் பேசோணுமாம். தெருப் பொம்பளைங்க அல்லாருங் கூடி உன்ற பேரைச் சொல்லிட்டாங்களாம். அதுலருந்து ரண்டு நாளா உனக்குச் சோறு எறங்கலையாம்.

நல்லா இருக்குது கதை. போன மாசம் கெழக்கால ஊட்டு ஆடு நம்ம கொத்தமல்லிப் பாத்தியில பூந்து மேஞ்சுபோட்டதே, அன்னைக்கு நீ பேசுன பேச்சு என்ன பேச்சு! ஆடும் ஆட்டுக்காரியும் ஒரு வாரம் இந்த இட்டேரிப் பக்கமே தலை காட்டலை. அந்த வாய்க்கு இப்ப என்ன வந்துச்சு?

"அது வேறங்க அப்பாரு, இது வேறங்க"ங்கிறியா? வேறதான். அன்னைக்கு நீ கொத்தமல்லியை நெனச்சுப் பேசினே. இன்னைக்கு உன்னையே நெனச்சுட்டு உக்காந்திருக்கறே. சூச்சுமம் அங்கதான் இருக்குது. சித்த நேரம் பொறு, அதுக்கு வாரேன்.

மொதல்ல, உன்ற பயத்தை உன்ற சொந்தச் சொத்தாட்டம் இடுப்புல முடிஞ்சு வெச்சுக்காதே. அது பழைய பொதுச் சொத்து. வள்ளுவரு 133 அதிகாரம் பண்ணினாரே, அதுல ஒண்ணு முழுசா இதுக்குத்தான். அவை அஞ்சாமைன்னு பேரு, பத்துக் குறள். எதிராளி நடுவுல பூந்து சாகத் துணிஞ்ச ஆளு எத்தனை வேணும்னாலும் கெடைக்கும், சபைக்கு அஞ்சாத ஆளு கெடைக்கிறதுதான் அபூர்வம்னு அதுல ஒரு எடத்துல சொல்லிப்போடறாரு மனுசன். பாத்துக்க, மைக்கே இல்லாத காலம். கத்தி புடிச்சவனே அன்னைக்கு நடுங்கியிருக்கறான்.

அந்த அதிகாரம் எத்தனாவதுன்னு எண்ணிப் பாரு. 73. சரி, கிராம சபைக்கு அரசியல் சட்டத்துல எடம் குடுத்தது எத்தனாவது திருத்தம்? அதுவும் 73. 1993 ஏப்ரல் 24-ல அமுலுக்கு வந்துச்சு. டெல்லிக்காரங்க வள்ளுவரைக் கேட்டுட்டா நம்பரு போட்டாங்க? தானா உழுந்த பொருத்தம்தான். இருந்தாலும் பாரு, நீ பேசலாம்னு சொன்ன நம்பரும், பேசறப்ப நடுங்காதேன்னு சொன்ன நம்பரும் ஒண்ணாப் போச்சு. நம்ம சோசியகாரரு காதுல உழுந்தா பத்துக்குப் பத்துப் பொருத்தம்னு எழுதிக் குடுத்து நூறு ரூவா வாங்கியிருப்பாரு.

உரிமை வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. மின்னெ வருசத்துக்கு நாலு தடவை கூடுச்சு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பத்தாதுன்னு மார்ச் 22, நவம்பர் 1-னு இன்னும் ரண்டு சேத்துட்டாங்க. ஆக ஆறு. ஆறு தடவையும் நம்மூருல என்ன நடக்குது? கிளார்க்கு வரவு செலவை வாசிப்பாரு. ரயிலு போற வேகம். வாசிச்சு முடியறதுக்குள்ள டீ வந்துரும். டீ டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள கையெழுத்து நோட்டு வந்துரும். நம்ம சனம் கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்து, திண்ணையில குந்தி, மூணு மணி நேரம் பேசும். அந்த வால்வு ஏன் மாத்தலை, அந்த லைட்டு ஏன் எரியலைன்னு திண்ணையில நம்மூரு ஆம்பளைங்க கேக்குற கேள்விக்குக் கலெக்டரே வந்தாலும் பதிலு சொல்ல முடியாது. நல்லவேளை, அவரு திண்ணைக்கு வர்றதில்லை.

"நீங்க சபையில பேசியிருக்கீங்ளா அப்பாரு"ங்கிறியா? பெரியவங்க சொல்றப்பக் குறுக்க பேசக் கூடாது. கேளு.

நெஞ்சு படபடன்னு அடிக்குது, நாக்கு ஒட்டிக்குது, வவுத்துல என்னமோ பெசையுது, காலு வெடவெடங்குது. இதானே உன்ற நோவு? நெம்பப் பழைய வித்தை இது. இட்டேரியில போறப்ப வெறிநாய் தொரத்துச்சுன்னு வெய்யி. ஒடம்பு உன்னையக் கேட்டுட்டா நிக்கும்? சிறுநீரகத்து மேல குல்லாயாட்டம் குந்தியிருக்குதே ஒரு சுரப்பி, அது அட்ரினலினை எறக்கி உட்டுரும். நெஞ்சு வேகமாத் துடிக்கும், ரத்தம் வவுத்தை உட்டுப்போட்டு கைகாலுக்குப் பாயும். ஓடறதுக்குத் தெம்பு வேணுமல்லோ? சோறு செரிக்கிற சோலியெல்லாம் நாய் போனப்பறம் பாத்துக்கலாம்னு எச்சிலைக்கூட நிறுத்திப்போடும். அதுதான் நாக்கு ஒட்டறது. நம்ம ஒடம்புக்கு நாய்க்கும் சபைக்கும் வித்தியாசம் தெரியலை. சில சபையைப் பாத்தா எனக்கும் அந்தச் சந்தேகம் வர்றதுண்டு.

அதனால அந்த நடுக்கத்தை நிறுத்தோணும்னு மல்லுக்கட்டாதே. ரேக்ளாப் பந்தயம் பாத்திருக்கறே இல்ல? கோட்டுக்கு முன்னால மாடு எப்புடி நிக்குது? மேலெல்லாம் துடிக்கும், தரையைப் பறண்டும், ரண்டு ஆளு புடிச்சாலும் நிக்காது. அதைப் பாத்து ஆராச்சும் ஐயோ பாவம், மாடு பயந்துபோச்சுன்னு சொல்றாங்களா? ஓடத் தயாராயிருச்சுன்னுதான் சொல்லுவாங்க. கோட்டுல நிக்கறப்ப அசை போடற மாட்டை ஆரும் பந்தயத்துக்கு ஓட்டிட்டுப் போறதில்லை. அது சந்தைக்குப் போற மாடு.

கை கொஞ்சம் அடங்கோணும்னா ஒரே ஒரு வேலை பண்ணு. மூச்சை நாலு எண்ணுற வரைக்கும் இழு, எட்டு எண்ணுற வரைக்கும் உடு. மூச்சை வெளிய உடறப்பத்தான் நெஞ்சுத் துடிப்பு தணியும். அஞ்சாறு தடவை பண்ணினாப் போதும். சாமியாடப் போற மாதிரி சத்தமாப் பண்ணிப்போடாதே. வேப்பிலை எடுத்துட்டு வந்துருவாங்க.

அன்னைக்கு மேசை மேல ஒரு படத்துக்கு மாலை போட்டு வெச்சிருப்பாங்க பாரு, அந்தப் பொக்கை வாய்ப் பெரியவரு கதையைச் சொல்றேன். லண்டனுக்குப் போயி வக்கீலுக்குப் படிச்சவரு. 1891-ல ஊருக்குத் திரும்பறதுக்கு மின்னெ, அங்கத்த சைவச் சாப்பாட்டுக் கூட்டாளிங்களுக்கு ஹோட்டல்ல ஒரு விருந்து வெச்சாரு. நாலு வார்த்தை சிரிக்கச் சிரிக்கப் பேசிப்போடலாம்னு ஒரு கதையைத் தயார் பண்ணிட்டுப் போனாரு. என்ன கதை தெரியுமா? பார்லிமெண்டுல ஒரு ஆளு பேச எந்திரிச்சு, ஆரம்பிச்ச வார்த்தையையே மூணு தடவை சொல்லிட்டு, மேக்கொண்டு பேச்சு வராம நின்னுபோன கதை. அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பிச்ச காந்தி, அதுலயே நின்னுபோனாரு. வந்ததுக்கு நன்றிங்கன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

சிரிக்காதே, இன்னும் இருக்குது. பம்பாய்க்கு வந்து சின்ன வழக்குக் கோர்ட்டுல மொத கேசு. பீசு 30 ரூவா. எதிர்க்கட்சி சாட்சியைக் கேள்வி கேக்கோணும். எந்திரிச்சாரு. தலை சுத்துச்சு, கோர்ட்டே சுத்துச்சு, ஒரு கேள்வி வரலை. உக்காந்துட்டாரு. பீசைத் திருப்பி வாங்கிக்கங்க, வேற வக்கீலை வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வெளிய நடந்துட்டாரு. அந்த வேற வக்கீலுக்கு 51 ரூவா ஆச்சு. இதெல்லாம் ஊராரு கட்டிவிட்ட கதையில்லை அம்மணி. சத்திய சோதனையில அவரே எழுதி வெச்சிருக்கறாரு. அந்த மனுசனோட பொறந்த நாள்லதான் நீ பேச பயப்படறே. நடுங்கறதுக்கு இதைவிட நல்ல நாளு பஞ்சாங்கத்துல கெடையாது.

சரி, அப்பறம் அவரு வாய் எப்புடித் தொறந்துச்சு? 1893-ல தென்னாப்பிரிக்காவுக்குப் போனாரு. பிரிட்டோரியா ஊருல நம்ம நாட்டு யாவாரிங்களைக் கூட்டி வெச்சுப் பேசினாரு. யாவாரத்துல நேர்மையா இருக்கோணும், நம்மளுக்கு இங்க நடக்குற கொடுமையைச் சேந்து கேக்கோணும்னு. அதுதான் தன்னோட மொத மேடைப் பேச்சுன்னு அவரே சொல்றாரு. அங்க நாக்கு ஒட்டலை. அதே மனுசன், அதே நாக்கு. ஹோட்டல்ல, எப்புடிச் சிரிக்க வெக்கிறதுங்கிற நெனப்பு. கோர்ட்டுல, மொத கேசுல நாம எப்புடித் தெரிவோமோங்கிற நெனப்பு. பிரிட்டோரியாவுல, அந்தச் சனம் படற பாடு கண்ணு முன்னால நின்னுச்சு. தன்னைய நெனைக்க அவருக்கு எங்க நேரம்?

இப்பக் கொத்தமல்லிக்கு வாரேன். உன்ற நோவுக்குப் பயம்னு நீ பேரு வெச்சிருக்கறே. நான் வெக்கிற பேரு வேற: பெருமை. கோவிச்சுக்காதே. நானூறு பேரு வேலை வெட்டியை உட்டுப்போட்டு என்ற மொகத்தையே பாக்கப் போறாங்க, என்ற கை நடுங்கறதை எண்ணப் போறாங்க, ராத்திரி அதையே நெனச்சுத் தூங்காம கெடக்கப் போறாங்கன்னு நெனைக்கிறே பாரு, அது பெருமையில்லாம என்ன? உன்ற தம்பி செல்போனுல பாத்து ஒரு சங்கதி சொன்னான். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க, பாட்டுக்காரரு படம் போட்ட ஒரு பனியனைப் பசங்களுக்கு மாட்டிவிட்டு, மத்த பசங்க உக்காந்திருக்குற ரூமுக்குள்ள அனுப்பினாங்களாம். போட்டவனுக்குக் கூச்சம் புடுங்கித் தின்னுது. பாதிப் பேரு கிட்ட பாத்திருப்பாங்கன்னு சொன்னான். எண்ணிப் பாத்தா கால்வாசிப் பேருதான் பாத்திருக்கறாங்க. 2000-ல அச்சுல வந்துச்சாம். அப்பறம் 2003-ல இன்னொண்ணு: உள்ளுக்குள்ள நடுங்கறது வெளிய அவ்வளவாத் தெரியாதுன்னு மின்னாலயே சொல்லிவிட்டா, அந்த ஆளுங்க நல்லாவே பேசினாங்களாம்.

இதைக் கண்டுபுடிக்க அமெரிக்காவுக்குப் போகோணுமா? கல்யாண ஊட்டுல மொய் எழுதற எடத்துல கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். நாம என்ன சேலை கட்டிட்டு வந்தோம்னு ஒருத்தியும் பாக்க மாட்டா. அல்லாரும் அவங்கவங்க சேலையைத்தான் குனிஞ்சு பாத்துட்டு இருப்பாங்க.

இனி வேலைக்கு வருவோம். பேசறதை எழுதி மனப்பாடம் பண்ணிட்டு இருக்கறியாமே? அதைக் கிழிச்சுப் போடு. சர்ச்சில்னு ஒரு வெள்ளைக்காரரு, நம்ம பெரியவரை அரை நிர்வாணப் பக்கிரின்னு எகத்தாளம் பண்ணினவரு. அவரு 1904 ஏப்ரல்ல பார்லிமெண்டுல மனப்பாடமாப் பேசிட்டே வந்தாரு. முக்கா மணி நேரம் நல்லாத்தான் ஓடுச்சு. திடீர்னு ஒரு வரி கழண்டுக்கிச்சு. கோத்த மணியில நூலு அறுந்த மாதிரி அம்புட்டும் கொட்டிப்போச்சு. நின்னு நின்னு பாத்துட்டு உக்காந்துட்டாரு. அதுக்கப்பறம் சீட்டு இல்லாம அவரு பேச எந்திரிக்கறதில்லை. அம்மாம் பெரிய வாய்க்கே சீட்டு வேணும்னா, உனக்கும் எனக்கும் என்ன வெக்கம்?

சீட்டுல நாலே வரி எழுது. எத்தனை ஊடு, எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணி, எது ஒடஞ்சு கெடக்குது, என்ன செய்யோணும். ஒத்தைத் தாளுல எழுதாதே. கை ஒரு மடங்கு நடுங்குனா தாளு பத்து மடங்கு நடுங்கும், சத்தம் வேற போடும். பள்ளிக்கூட நோட்டு அட்டையில ஒட்டி வெச்சுக்க.

அப்பறம் பழகோணும். கண்ணாடி முன்னால நிக்காதே, மறுக்கா உன்னையே பாத்துட்டு நிப்பே. சாயங்காலம் தொண்டுப்பட்டிக்குப் போ. நம்ம எருமைகிட்டப் பேசு. கைதட்டாதுதான், ஆனாப் பாதியில எந்திரிச்சுப் போகாது. நடுவுல செல்போனு எடுக்காது. எருமைகிட்ட மூணு நாளு, அப்பத்தாகிட்ட ரண்டு நாளு, தெருப் பொம்பளைங்ககிட்ட ஒரு நாளு. எருமையைவிட உன்ற அப்பத்தா கொஞ்சம் கஷ்டம், குறுக்க கேள்வி கேப்பா. அதுவும் நல்லதுதான்.

எந்திரிச்சதும், மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பற்றாளர் அவர்களே, வார்டு உறுப்பினர்கள் அவர்களேன்னு அவர்களே மாலை கட்டாதே. நம்மாளுங்க மேடையில பாதிப் பேரு அவர்களேயிலயே விடிஞ்சுபோயி, விசயத்துக்கு வர்றப்பக் கரண்டு போயிரும். ஒரு பேரு உட்டுப்போச்சுன்னா அதுக்கு வேற மூணு வருசப் பகை. மொத்தமா ஒரு வணக்கம், அதோட சரி.

மைக்கைத் தட்டாதே, ஊதாதே. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் எடம் உடு. ரேடியோப் பெட்டிக்கு நேரா மைக்கைக் கொண்டுபோனா கூய்னு கத்தும், பக்கவாட்டுல நில்லு. நானூறு மூஞ்சியையும் பாக்காதே. உன்ற கூடக் குடம் தூக்கற மூணு பொம்பளைங்களை மூணு பக்கமா உக்காரச் சொல்லி, அவங்களை மட்டும் மாத்தி மாத்திப் பாத்துப் பேசு. தடுமாறினா நிறுத்து. தண்ணி ஒரு வாய் குடி. கொழாயைப் பத்திப் பேசற புள்ள நடுவுல தண்ணி குடிச்சா அதுவே பாதிப் பேச்சு.

ஆராச்சும் ஒருத்தரு, இந்தப் புள்ள ஆரு ஊட்டுதுன்னு குறுக்க சத்தம் போடுவாரு. எல்லாச் சபையிலயும் அதுக்குன்னே ஒருத்தரு இருக்கறாரு. கோவப்படாதே. இன்னாரு பேத்திங்க, எங்க தெருவுல 34 ஊடுங்கன்னு உட்ட எடத்துலருந்தே புடிச்சுக்க. இதைப் பாரு, உன்ற பேச்சு மொத்தமே இவ்வளவுதான்:

"வணக்கம்ங்க. எங்க தெருவுல 34 ஊடு இருக்குதுங்க. 12 நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது, அதுவும் அரை மணி நேரம். வால்வு ஒடஞ்சு 7 மாசம் ஆச்சு, ரண்டு தடவை மனுக் குடுத்துட்டோம். இந்த மாசக் கடைசிக்குள்ள மாத்தித் தரோணும்னு தீர்மானம் எழுதுங்க."

ஒரு நிமிசம் ஆகுமா? அப்பறம் கைதட்டுவாங்க. அதுல மயங்கி உக்காந்துராதே. கைதட்டுன சத்தம் டேங்க்குல ஏறாது. தீர்மான நோட்டுல எழுதுங்க, எழுதினதை வாசிங்கன்னு சொல்லிட்டு, வாசிக்கிற வரைக்கும் நின்னுட்டே இரு. அந்த நேரத்துல உன்ற காலு நடுங்குதான்னு உனக்கே நெனப்பிருக்காது.

என்ன, மறுக்காவும் அதையே கேக்கறியா? உட மாட்டே போல.

சரி, சொல்றேன். அப்பத்தா காதுல உழுகாம கேளு. 1996-ல உள்ளாட்சித் தேர்தல் முடிஞ்சு, நம்மூருல மொத மொதலாக் கூடுன கிராம சபை. வேப்பமரத்தடி. அப்ப நம்ம தெருவுக்குக் கொழாயே கெடையாது. உன்ற அப்பத்தா தோட்டத்துக் கெணத்துலருந்து ஒரு மைலு தண்ணி சொமந்துட்டு இருந்தா. கொழாய் வேணும்னு கேட்டுப்போட்டு வாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினா. ஆராச்சும் பேசறீங்ளான்னு தலைவரு கேட்டாரு. எந்திரிச்சேன். அல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம வேட்டியை அவுத்து, ஒரு ஒதறு ஒதறி, இறுக்கிக் கட்டிட்டு உக்காந்துட்டேன். வேட்டி கட்டத்தான் எந்திரிச்சேன்னு சபை நெனச்சுக்கிச்சு. இன்னைக்கு வரைக்கும் அப்புடித்தான் நெனச்சுட்டு இருக்குது.

கொழாய் வர்றதுக்கு அப்பறம் ஆறு வருசம் ஆச்சு. காந்தி பீசைத் திருப்பிக் குடுத்துப்போட்டு வந்தாரு. நான் ஆறு வருசக் கொடத்தை எப்புடித் திருப்பிக் குடுக்கறது? ராத்திரியில உன்ற அப்பத்தா முழங்காலுக்குத் தைலம் தேச்சுவுடறது நாந்தான், பாத்திருப்பியே. ஏன்னு அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

போ, எருமை காத்துட்டு இருக்குது. அக்டோபர் 2 அன்னைக்கு நீ பேசி முடிச்சு, தீர்மானத்தை வாசிச்சுக் கேட்டுட்டு உக்காரு. அப்பறம் நம்ம தெரு லைட்டைப் பத்தி ஒரு கெழவன் எந்திரிப்பான். வேட்டியை ஊட்டுலயே நல்லா இறுக்கிக் கட்டிட்டு வந்துடறேன்.